ஒரு குப்பி போதுமாம்

பால்காரம்மா: வாங்க, எல்லாரும் எழுந்து வாங்க! நாய்க்குட்டியோட உக்காந்திருக்கற ஐயா, கோழிக்கூடையோட நிக்கற அக்கா... இந்த ஆஸ்பத்திரி வாசல்லே கிடக்கற என் பசுவைப் பாருங்க. வாயெல்லாம் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம். நடக்கற அநியாயத்துக்கு நீங்கதான் சாட்சி!

டாக்டர்: கத்தாதீங்கம்மா. இது ஆஸ்பத்திரி.

பால்காரம்மா: அப்படியா? வெளியிலே பலகை மாட்டியிருக்கு, பாத்தேன். உள்ளேயும் ஏதாவது இருக்கும்னு நம்பி வந்துட்டேன்.

டாக்டர்: அதான் ஊசி போட்டாச்சே! அட்ரோபின். எச்சிலை நிறுத்தற மருந்து.

பால்காரம்மா: நின்னுதா?

டாக்டர்: கொஞ்சம் பொறுமையா...

பால்காரம்மா: ஒரு மணி நேரமா பொறுத்தாச்சு. எச்சில் படி தாண்டித் தெருவுக்கே போயிடுச்சு. எத்தனை குப்பி போட்டீங்க?

டாக்டர்: ஒண்ணு.

பால்காரம்மா: கம்பவுண்டரே, அந்தக் குப்பியைத் தூக்கிக் காட்டுங்க. நல்லா உசத்தி! பாத்தீங்களா? என் சுண்டுவிரல்லே பாதி. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

கம்பவுண்டர்: சுவத்துலே ஒட்டியிருக்கற அட்டவணையிலே ஒண்ணுன்னுதான் அம்மா...

பால்காரம்மா: அதோட தலைப்பைப் படிங்க.

கம்பவுண்டர்: சார் பாக்கறார் அம்மா...

பால்காரம்மா: வாய்விட்டுப் படிங்க. சபை கேக்கட்டும்.

கம்பவுண்டர்: 'அறுவை சிகிச்சைக்கு முன்... நாய்.'

பால்காரம்மா: நானூறு கிலோ பசுவுக்கு நாய் அளவு! நல்லவேளை, எலிக்கு ஒரு அட்டவணை ஒட்டி வைக்கலே.

டாக்டர்: பால் கறக்கறவங்க எனக்கு வைத்தியம் சொல்லித் தர வேண்டாம்.

பால்காரம்மா: நான் எங்கே சொன்னேன்? நீங்க தூக்கிப்போட்ட பெட்டிக்குள்ளே ஒரு சீட்டு இருந்தது, அது சொல்லுது. பூச்சிமருந்து விஷமா ஏறினா எடைக்கு ஏத்தபடி போடு, எச்சில் காயற வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுன்னு அச்சடிச்சிருக்கு. பட்டம் வாங்கின கண்ணு படிக்கலே... பால் கறக்கற கை பிரிச்சுப் படிச்சுது. அதுவா குத்தம்?

டாக்டர்: விஷம்னு யார் சொன்னா? இது வயித்து உப்புசம். அப்படித்தான் எழுதியிருக்கேன்.

பால்காரம்மா: உப்புசத்துக்கு இந்த ஊசி போடுவாங்களா, கம்பவுண்டரே?

கம்பவுண்டர்: மாட்டாங்க... இது குடலை அசைய விடாது. உப்புசம் இன்னும் ஏறும்.

டாக்டர்: உன்னை யாருய்யா கேட்டா?

கம்பவுண்டர்: அந்தம்மாதான் கேட்டாங்க சார்.

பால்காரம்மா: கை விஷத்துக்கு ஊசி போடுது, பேனா உப்புசம்னு எழுதுது! ஒரே ஆளோட கையும் பேனாவும் இப்படிச் சண்டை போட்டு நான் பாத்ததில்லை.

டாக்டர்: உங்க வீட்டுலே கிடந்த பூச்சிமருந்து எதையாவது நக்கியிருக்கும். வச்ச இடத்திலே ஒழுங்கா வைக்கத் தெரியலே, இங்கே வந்து...

பால்காரம்மா: ஆக, விஷம்தான்! ஒரு மூச்சு விடறதுக்குள்ளே உப்புசம் எங்கே போச்சு?

டாக்டர்: வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க.

பால்காரம்மா: எம் பொண்ணுங்க ரெண்டு பேரும் இவ மடியாலே படிக்கறாங்க. ஐயா, திட்டினதை வாபஸ் வாங்கிக்கறேன். கால்லே விழச் சொன்னாலும் விழறேன். மருந்து இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க, எங்கேயாவது ஓடி வாங்கிட்டு வர்றேன்.

டாக்டர்: இல்லை. தீந்துபோச்சு.

கம்பவுண்டர்: இருக்கு.

டாக்டர்: யோவ்!

கம்பவுண்டர்: உள் அலமாரியிலே மூணு பெட்டி இருக்கு அம்மா. பெட்டிக்கு நூறு குப்பி.

பால்காரம்மா: இருந்துமா போடலே? வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைய விடறதுன்னா இதுதானா?

டாக்டர்: அவன் உளர்றான். உன் வேலையை யோசிச்சுப் பாருய்யா...

கம்பவுண்டர்: காலையிலே இருந்து அதைத்தான் சார் யோசிச்சேன்.

பால்காரம்மா: சொல்லுங்க. ஏன் போடலே?

கம்பவுண்டர்: இவ எடைக்கு வேண்டிய இருநூறு குப்பியும் போட்டா பதிவேட்டிலே விஷம்னு எழுதணும். எழுதினா, எங்கே ஏறின விஷம்னு மேலே இருந்து கேப்பாங்க.

பால்காரம்மா: கேட்டா உங்களுக்கு என்ன?

கம்பவுண்டர்: நேத்து இதே வாசல்லே மாடுகளுக்கு உண்ணி மருந்திலே குளிப்பாட்டினோமே அம்மா... அதுவும் பூச்சிமருந்துதான். வாளித் தண்ணிக்கு ஒரு மூடி ஊத்தணும். சார் ஒரு டம்ளர்னார். தப்புன்னு தெரிஞ்சும் ஊத்தினது இந்தக் கை. காலையிலே இருந்து வந்ததிலே உங்களது மூணாவது பசு. முதல் ரெண்டும் செத்துப்போச்சு, ரெண்டையும் உப்புசம்னு எழுதியாச்சு. பாத்துக்கிட்டு நிக்காதீங்கய்யா! ஆளுக்கு இருபது குப்பி உடைச்சுக் குடுங்க, நான் ஏத்தறேன். ரெண்டு பேர் சோப்புத் தண்ணி ஊத்தி மாட்டு உடம்பைக் கழுவுங்க. மத்தவங்க நேத்து இங்கே மாடு ஓட்டி வந்த வீடு வீடா ஓடி, மாட்டைக் கழுவி இங்கே கொண்டுவரச் சொல்லுங்க... சார் கிழிக்கறதுக்குள்ளே அந்தப் பதிவேட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க!