குழாய்க்குள் குடித்தனம்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் காலடியில் மூத்திரப் பை. அதன் டியூப் வேட்டிக்குள் போனது.

"உங்க டியூப்புக்குள்ள கிருமிங்க குடித்தனம் பண்ணுதாமே, வாடகை இன்னா வாங்கறீங்க?" என்று அந்த அம்மா கேட்டதும், நான் ஜன்னலைப் பார்ப்பது போல இருந்துகொண்டேன்.

"மாத்திரைதான் குடுத்துட்டாங்களே."

"டியூப்பை இன்னைக்கே மாத்தணும்னாரு டாக்டரு. வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வந்துட்டீங்க. குளிர் ஜுரத்துல சீட்டே ஆடுது."

"மறுபடி மாட்டறப்போ உயிர் போவுதுடி."

"நர்சம்மா சொன்னாங்களே, பிளாஸ்டிக்கைத் தொட்டதுமே கிருமியோட ஜீன் முழிச்சுக்குதாம். எல்லாம் ஒண்ணா சேர்ந்து பசை சுரந்து மூடிக்குதாம். மருந்து உள்ள போவாதாம். கிருமிக்கே அவ்ளோ ஒத்துமை! உங்க தம்பிங்கள்ல ஒருத்தனாவது ஆஸ்பத்திரிக்கு வந்தானா?"

அவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"முப்பது வருஷமா டேனரியில ஆட்டுத்தோல் ஊறப்போடறீங்க. தொட்டியில வழவழன்னு பசை புடிச்சிக்கிட்டா, மருந்து ஊத்திட்டு வீட்டுக்கு வந்துடுவீங்களா?"

"அதெப்டி? மருந்து மேலாக்கத்தான் கொல்லும். தண்ணிய எறக்கிட்டுத் தொட்டிய சுரண்டணும். இல்லன்னா அடுத்துப் போடற தோலும் அழுவிப்போவும்."

சொன்னவர் குனிந்து தன் டியூப்பைப் பார்த்தார். பள்ளிகொண்டா வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஆம்பூருக்குத்தானே டிக்கெட் வாங்கினீங்க?" என்றார் கண்டக்டர்.

"திரும்பி வேலூருக்குப் போறோம்பா," என்று அந்த அம்மா அவர் கையைப் பிடித்து இறக்கினாள். "ஆட்டுத்தோலுக்குக் குடுக்கற மரியாதையை இன்னைக்கு உடம்புக்கும் குடுக்கப் போறாராம்."