படம் தெளிவாகத்தான் இருந்தது

நல்ல படம் பார்க்க மாதாமாதம் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை, சார்ஜென்ட் அம்மா. உங்களுக்கே தெரியும். உங்கள் அப்பா வீட்டில் நான்தானே மாட்டிக் கொடுத்தேன். கட்டணச் சேவையை நிறுத்திய பிறகும் சுவரில் அந்தப் பழைய டிஷ் இருக்கும். அது வானத்தில் எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் கம்பியை வேறு பெட்டியில் செருகினால் இங்கிலாந்துச் சேனல்கள் இலவசமாக வரும். புகைபோக்கியில் ஒரு ஆண்டெனா கட்டினால் நம் அயர்லாந்துச் சேனல்கள். இரண்டையும் ஏற்கிற ஒரே பெட்டி கடையில் கிடைக்கிறது. ஒரு தரம் வாங்கினால் போதும். எல்லாம் எச்.டி.

இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் கட்டணச் சேனல்களைக் காசில்லாமல் காட்டும் திருட்டுப் பெட்டி ஓடுகிறது. நான் ஒருவருக்கும் அதை வைத்துக் கொடுத்ததில்லை. பேக்கி கெராட்டி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். எங்கள் சந்தில் கடைசி வீடு அவனுடையது.

"திருடறது பாவம், பேக்கி" என்பேன்.

"பாவத்தை நான் ஃபாதர்கிட்ட சொல்லித் தீத்துக்கறேன். நீ பெட்டியை வைடா" என்பான்.

நான் வைக்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் மலக்கியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

வைக்கோல் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்த நாளிலிருந்து மலக்கிக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. மேலே இருந்ததெல்லாம் நன்றாகவே இருந்தது. கையும் வாயும், முக்கியமாக வாய். நாங்கள் இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு அவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். தூக்குவது, துடைப்பது, கழுவுவது எல்லாம் நான். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு டிவி அந்தக் காலத்தில் சரியாக இல்லை. படத்தில் எப்போதும் பனி பெய்தபடி இருக்கும். ஊருக்கே டிவி மாட்டுகிறவன் வீட்டில் இப்படியா என்று கேலி செய்வார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேக்கி வேனோடு வருவான். வாசலில் இரண்டு படி. அண்ணனை நாற்காலியோடு தூக்கி வேனில் ஏற்றி, பப்பில் உள்ள டிவியில் ஹர்லிங் மட்டையாட்டம் பார்க்கக் கொண்டுபோவான்.

"என்னய்யா கனம் கூடிட்டே போறே? ஜோசி கொண்டுவர்ற ரொட்டியைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்பான் பேக்கி.

"உன் முதுகுல பலம் குறைஞ்சுபோச்சு, அதைச் சொல்லு. உன் பொண்டாட்டிகிட்ட கேட்டாத் தெரியும்" என்பார் அண்ணன்.

வார நாட்களில் ஜோசி மேனியன் வருவாள். கணவனை இழந்தவள், கோயிலில் பூ வைப்பவள். சுடச்சுடச் சோடா ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வருவாள். வேறு சிலரும் வருவார்கள். ஈர பூட்சோடு சமையலறையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். அவர்கள் போன பிறகு தரையைத் துடைப்பேன்.

ஒருநாள் பேக்கி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "ஃபெர்கல், நீ ரொம்ப இளைச்சுட்டே. எங்கயாவது கடற்கரைப் பக்கம் போய்ட்டு வா. மலக்கியை நான் பாத்துக்கறேன். என் வீட்டுல வச்சுக்கறேன்."

வேண்டாம் என்றேன். அவன் பார்த்துக்கொண்டால் அது அவ்வளவு கஷ்டமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பிறகுதான் எங்கள் வீட்டிலும் ஒரு நல்ல டிவி வைக்கலாம் என்று தோன்றியது. பெரிய திரை. டிஷ்ஷைத் துடைத்து, கம்பியை மாற்றி, ஆண்டெனாவைச் சரியாகத் திருப்பி நிறுத்தினேன். புல்லின் நுனிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அண்ணன் அன்று சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார்.

"டேய், அந்த கோல்கீப்பர் சவரம் பண்ணிக்கலைடா" என்றார்.

கோயில் பூசையையும் கொண்டுவந்தேன். கோயில் மாடத்தில் காமெரா வைத்திருக்கிறார்களே, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காகப் பூசையையும் அடக்கத் திருப்பலியையும் இணையத்தில் காட்டுகிறார்கள். அதை டிவியில் வரவைக்க, பின்னால் செருகுகிற ஒரு சின்னக் குச்சி போதும். அதுவும் செலவில்லாத வழிதான். ஜன்னலிலிருந்து திரையில் வெளிச்சம் அடித்தால் படம் வெளிறிப்போகும், அதனால் திரைச்சீலையை இழுத்து மூடினேன். யாருக்கு மாட்டிக் கொடுத்தாலும் இதைச் சொல்வேன். உங்கள் அப்பாவுக்கும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பேக்கி வந்தபோது வாசலிலேயே நின்று பேசினேன். "அவருக்கு இப்ப வீட்டுலயே எச்.டி. வருது. படியில தூக்கி இறக்கினா முதுகு வலிக்குதாம். இங்கேயே இருக்கேங்கறார்."

"அப்படியா சொன்னான்?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். "சரி. அவனுக்கு எது சௌகரியமோ அதுதானே முக்கியம். நான் வந்தேன்னு சொல்லு."

உள்ளே போனேன். "பேக்கி வரலையா?" என்று அண்ணன் கேட்டார். "வரலை" என்றேன். அவ்வளவுதான். பெரிய பொய் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஒரு சின்ன வார்த்தையை அந்தப் பக்கம் சொன்னேன், ஒரு சின்ன வார்த்தையை இந்தப் பக்கம் சொன்னேன். ஜோசியிடம் அவர் தூங்குவதாகச் சொல்லி ரொட்டியை வாங்கிக்கொண்டேன். ரொட்டியை அவருக்குக் கொடுத்தேன். கடை ரொட்டி என்று சொல்லிக் கொடுத்தேன். "இந்தக் கடைக்காரனுக்கு ஜோசி கைப்பக்குவம் வந்துடுச்சுடா" என்றார்.

அவர் கைபேசி தொட்டித் தண்ணீரில் விழுந்தது. புதிது வாங்குவதாகச் சொன்னேன்.

வீடு அமைதியாகிவிட்டது. தரை காய்ந்தே இருந்தது. ஆனாலும் ஊர் அண்ணனை மறக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். சாயங்காலம் சந்தில் போகிறவர்கள் எங்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். திரைச்சீலையில் நீல வெளிச்சம் ஆடிக்கொண்டிருக்கும். ஜோசி எந்த வேலையாகப் போனாலும் அங்கே ஒரு கணம் நின்று கை அசைத்துவிட்டுப் போவாள். பேக்கி ஹாரனை ஒரு தரம் அழுத்துவான். "மலக்கி ஆட்டம் பாக்கறான்" என்று அவர்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அந்த வெளிச்சம் இருந்தால் எல்லாம் நலம் என்று அர்த்தம். யாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதல்ல, இந்தச் சந்தில் தனியாக இருக்கிற எல்லாருடைய ஜன்னலையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

உள்ளே அண்ணன் ஞாயிறுதோறும் பூசை பார்த்தார். கோயில் காமெரா பின்னால் உயரத்தில் இருக்கிறது. அதில் முகம் தெரியாது, எல்லாருடைய முதுகும் பின்தலையும்தான் தெரியும். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டுபிடிப்பார்.

"பேக்கிக்கு உச்சியில சொட்டை பெருசாகுது பாரு. தொப்பி வாங்கிக் கொடுக்கணும் அவனுக்கு. ஜோசி புதுக் கோட்டு போட்டிருக்கா." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "டேய் தம்பி, நான் அவங்களை ஏதாவது மனசு நோகப் பேசிட்டேனா?" என்றார்.

"எல்லாருக்கும் அவங்கவங்க வேலை" என்றேன்.

ஃபாதர் குவெர்க் நற்கருணை எடுத்துக்கொண்டு வந்தபோது, அண்ணனுக்கு நெஞ்சில் கோளாறு, யாரையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். ஃபாதர் நல்ல மனிதர். மழையில் நின்றபடியே கதவைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதித்துவிட்டுப் போனார். நான் ஒன்றை யோசிக்கவில்லை. பூசையில் நோயாளிகளின் பெயரை வாசித்து ஊரே மன்றாடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதைத்தான். தொழிலில் நான் செய்த தவறு அது ஒன்றுதான். ஒலியை அத்தனை துல்லியமாக வைத்திருக்கக் கூடாது.

அந்த ஞாயிறு அண்ணன் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஃபாதர் வாசித்தார்: "யாரையும் சந்திக்க முடியாத அளவுக்கு நோயுற்றிருக்கும் நம் சகோதரர் மலக்கி டூஹிக்காக..." முதுகுகள் எல்லாம் குனிந்தன. பேக்கியின் தலைதான் எல்லாருடையதையும்விடத் தாழ்ந்தது. கைக்குட்டையை எடுத்தான்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எனக்கு என்னடா நோய்?"

நான் தட்டை எடுக்கப் போனேன்.

"அந்தப் பேக்கி அழறான்டா. எனக்காக அழறான். என் வீட்டு வாசல்ல இருந்து கூப்பிட்டா கேக்கற தூரத்துல இருக்கறவன்." என் பக்கம் திரும்பினார். "நீ என்ன பண்ணிட்டே தம்பி?"

அவர் கத்தவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். அதன் பிறகு ஆட்டத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போகப் பார்த்தார். நான் இடையில் சோபாவை நகர்த்திப் போட்டேன். திரையிலிருந்து சரியான தூரத்தில் உட்கார்ந்தால்தான் எச்.டி.யின் பலன் தெரியும் என்று அவரிடம் விளக்கினேன். அது உண்மையும்கூட.

ஏன் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். சோர்வாக இருந்தது. அதைவிட நல்ல பதில் என்னிடம் இருந்தால் சொல்லியிருப்பேன். வருகிறவர்கள் எல்லாம் அவரைப் பார்க்க வந்தார்கள். நடக்க முடிந்தவன் நான், ஆனால் ஊர் அவரைத் தேடித்தான் வந்தது.

குளிர் இறங்கியதும் அவருக்கு உண்மையிலேயே நெஞ்சுச் சளி பிடித்தது. நான் ஃபாதரிடம் சொன்னது அப்படிப் பார்த்தால் பொய்யாகவில்லை. ஒரு ஞாயிறு காலை மூச்சு இழுக்கும் சத்தம் சமையலறை வரை கேட்டது. எங்கள் அப்பாவும் அப்படித்தான் போனார், அதனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"டாக்டரைக் கூப்பிடுடா. இல்லேன்னா பேக்கியைக் கூப்பிடு. அவன் போதும்" என்றார்.

கம்பளியைப் போர்த்திவிட்டேன். தண்ணீர் வைத்தேன். ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். ஒலியைக் கூட்டினேன். பிறகு கடற்கரை ஊருக்குப் பேருந்து ஏறினேன். பேக்கியே போய்வரச் சொன்ன இடம்தான் அது. கடலுக்கு எதிரே ஒரு விடுதியில் அறை எடுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

டிவியில் நான் மாற்றிவைத்ததையும் சொல்கிறேன். உங்கள் ஆட்கள் அதை எப்படியும் கண்டுபிடித்திருப்பார்கள், நானே சொல்லிவிடுவது நல்லது. இப்போது வருகிற டிவி எல்லாவற்றிலும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சில மணி நேரம் ரிமோட்டை யாரும் தொடாவிட்டால் திரையில் ஒரு கேள்வி வரும், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று. பதில் இல்லாவிட்டால் தானாக அணைந்துவிடும். மின்சாரம் மிச்சம். கிளம்புவதற்கு முன்னால் நான் அதை எடுத்துவிட்டேன். டிவி அணைந்தால் ஜன்னல் இருட்டாகும். ஜன்னல் இருட்டானால் யாராவது கதவைத் தட்டுவார்கள். அவர் பதில் சொல்ல முடியாமல் போகும் நேரம் வரும் என்று தெரிந்துதான் எடுத்தேன். ஆம், தெரிந்துதான்.

ஜோசி அந்த வாரமும் கை அசைத்திருக்கிறாள். பேக்கி ஹாரன் அடித்திருக்கிறான். அவர்களை நீங்கள் ஒன்றும் கேட்காதீர்கள்.

புயல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மின்கம்பிகள் அறுந்து சந்து முழுக்க இருட்டானதும் பேக்கி முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடினானாம். ஒரு விளக்கும், ஃபிளாஸ்கில் சூப்பும் எடுத்துக்கொண்டு. டிவி இல்லாமல் மலக்கி இருட்டில் தனியாக என்ன செய்வான் என்று. வழியில் மரம் விழுந்து கிடந்திருக்கிறது, ஏறிக் குதித்து வந்திருக்கிறான். அவனுக்குப் பின்னாலேயே மெழுகுவர்த்தியோடு ஜோசி. அவளுக்கும் பின்னால் மற்றவர்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஜன்னல் இருட்டானது, வந்துவிட்டார்கள். எனக்கு அது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

பேக்கி எனக்குப் போன் செய்தான். கத்தவில்லை அவனும். "உடம்பு ஜில்லுனு இருக்குடா, ஃபெர்கல். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க வச்சுப் பாத்திருப்போமே. உன்னையும் சேத்துப் பாத்திருப்போமே" என்றான். பிறகு அழுதான். நான் போனைக் காதில் வைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அடக்கத்துக்கு என்னை விடமாட்டீர்கள், அது நியாயம்தான். உங்கள் நிலையத்து ஓய்வறையில் ஒரு டிவி இருக்கிறது. கோயில் காமெராவை அதில் வரவைப்பது எளிது, எப்படி என்று நானே சொல்லித் தருகிறேன், செலவு ஒன்றும் ஆகாது. யாருடைய முகமும் தெரியாது. முதுகுகள்தான் தெரியும். எனக்கு அது போதும். மலக்கிக்கும் அதுவே போதுமாக இருந்தது.