பன்னிரண்டு வீட்டு மரங்கள்

கோகோ உழவர் சங்கத்தை வழிநடத்தும் தலைவர் கோவிந்தராசு அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! காய் உடைத்த கறை காயாத கைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! பந்தலில் இடம் போதாமல் வேம்படியில் நிற்கும் இளைஞர்களே! அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

நம் தோப்பில், தென்னைக்கு நடுவே நிற்கும் பலவகை மரங்களை வெட்டுவதா, வைப்பதா? இன்று வாக்கெடுப்பு. அதற்கு முன் ஒரு பழைய கதை. சுருக்கமாகச் சொல்லச் சொல்கிறார் பக்கிரி அண்ணன். வீட்டில் தூங்கும் பிள்ளை விழிப்பதற்குள் நான் போயாக வேண்டும் அண்ணே, சுருக்கமாகத்தான் சொல்வேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஆட்சி மாறியிருந்தது, சட்டம் மாறியிருந்தது. கால்வாய்க்கரையில் இந்தத் தோப்பு மட்டும் மாறவில்லை. பன்னிரண்டு குடும்பங்கள் மண் அணைத்தன, நீர் சுமந்தன, தென்னை வளர்த்தன. பட்டா கேட்டபோது பண்ணையின் காரியஸ்தர் துரைராசு சிரித்தார். எல்லாம் பண்ணை வைத்த தென்னை, உங்கள் மரம் எதுவென்று காட்டுங்கள் என்றார். வரிசையில் நிற்கும் தென்னைக்கு முகமா இருக்கிறது, அடையாளம் காட்ட? விசாரணை வாய்தா வாய்தாவாக இழுத்தது.

அந்த ஐப்பசி மழையில் பன்னிரண்டு வீட்டாரும் வீட்டுக்கொரு மரம் நட்டார்கள். ஒரு வீடு வைத்ததை இன்னொரு வீடு வைக்கவில்லை. ஒருவர் இலுப்பை, ஒருவர் பூவரசு, ஒருவர் புங்கன், ஒருவர் பலா. என் மாமியார் ராசம்மாள் வைத்தது நாவல். அழகுக்கா வைத்தார்கள்? இல்லை. கனிக்கா வைத்தார்கள்? இல்லை. அடையாளத்துக்கு வைத்தார்கள்!

ஆறு ஆண்டு கழித்துத் தாசில்தார் தோப்புக்கே வந்தார். எல்லாம் பண்ணை நட்டதுதான் என்று துரைராசு அப்போதும் சாதித்தார். தென்னந்தோப்பில் எதற்கு இத்தனை வகை என்று தாசில்தார் கேட்டதும் காரியஸ்தருக்குப் பொறுக்கவில்லை.

"தோப்புன்னா ஒரு ஒழுங்கு வேணாங்களா? சந்தைக்கடை மாதிரி கண்டதையும் நட்டு வச்சிருக்குதுங்க."

"யாரு நட்டு வச்சிருக்கா?"

நட்டது பண்ணையில்லை என்று காரியஸ்தர் வாயே சொல்லிவிட்டது. ராசம்மாள் சொன்னார்: "அதையே எழுதிக்கங்கய்யா."

தட்டுங்கள், நன்றாகவே தட்டுங்கள். அதோ, மூன்றாவது நாற்காலியில் அவர்தான் இருக்கிறார்.

பட்டா வந்தது. பல ஆண்டு கழித்துக் கோகோ வந்தது. மேலே தென்னை, நடுவே நாவலும் பலாவும், கீழே கோகோ. தென்னை தவறவிட்ட வெயிலை நடுமரங்கள் தாங்கின. அவை உதிர்த்த சருகில் ஈரம் நின்றது. அந்தச் சருகில் பிறக்கும் பொடிப்பூச்சிதான், தண்டோடு ஒட்டிப் பூக்கும் கோகோவைக் காயாக்கியது. சண்டைக்காக நட்ட மரம் சாகுபடிக்குக் குடை பிடித்தது!

போன தை மாதம் ஓர் ஆலோசகர் வந்தார். தோப்பைப் பார்த்தார், நடுமரங்களை வெட்டச் சொன்னார். சந்தைக்கடை மாதிரி இருக்கிறதே என்றார். அதே சொல்! தாவரவியல் படித்த எனக்கு வெட்கமாகிவிட்டது. வெட்டச் சம்மதித்து முதல் கையெழுத்துப் போட்டவள் நான். முதலில் விழுந்தது எங்கள் நாவல்.

ராசம்மாள் அழவில்லை, ஏசவில்லை. "பாப்பாவுக்குத் தூளிய இனிமே எங்க கட்டுவ?" என்று மட்டும் கேட்டார்.

சித்திரை வெயில் சொன்னது பதில். நாவல் நின்ற இடத்தைச் சுற்றி ஒன்பது கோகோ மரங்கள் இலை கருகின, பிஞ்சு வற்றிக் கறுத்தன. நான் காய் பறிக்கையில் என் மகள் தூங்கிய நிழல், இன்று வெறும் வெயில்.

நிழல் மிகுந்தாலும் காய்ப்பு குறையும் என்கிறீர்களா ரெங்கசாமி அண்ணே? உண்மைதான். கிளையைக் கழிப்போம், வெளிச்சம் விடுவோம். அதற்கு அடிமரத்தை எதற்கு வெட்ட வேண்டும்?

என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். தலைவர் வாக்கெடுக்கும் முன், அன்றைய கேள்வியை நான் கேட்கிறேன். இலுப்பை யார் வீட்டு மரம்? கை தூக்குங்கள். பூவரசு? புங்கன்? பலா? இன்னும் இருக்கிறது, தூக்குங்கள். ஒன்பது... பத்து... பதினொன்று.

நாவல்?

அந்தக் கை மட்டும் இன்று எழாது. எழுந்த பதினோரு கைகளையும் இறக்காமலே வாக்களியுங்கள். செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. பிள்ளை விழித்திருப்பாள், போய் வருகிறேன். வணக்கம்.