மைசெல்ஃப் யாருக்கு?

எனக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. பொய்தான்; பஸ் போர்டையே நாலு பேரிடம் கேட்டுத்தான் ஏறுவேன்.

கம்பம் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர்கள் திராட்சைத் தோட்டத்துக்குக் கிடைத்த பரிசை வாங்கப் போகிறார்கள். மேடையில் சொல்வதற்காக அவர் மனப்பாடம் செய்துகொண்டே வந்தார்: "ஐ டிட் இட் மைசெல்ஃப்."

"அப்படின்னா?" என்றாள் பெண்டாட்டி.

"நானே செஞ்சேன், வேற ஆளு கைபடலைன்னு அர்த்தம்."

"அப்ப கொடியக் கவாத்து வெட்டுனது, மருந்தடிச்சது யாரு?"

"நீதான். உனக்கு ஹெர்செல்ஃப்னு தனியா ஒண்ணு இருக்கு."

"அப்ப மேடையில அதச் சொல்லுங்க. இல்லாட்டி மைக்க எங்கிட்டக் குடுங்க. மைசெல்ஃப நான் சொல்லிக்கிறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "ஹெர்செல்ஃப்" என்று முனகிப் பார்த்தார்.

நான் சிரிப்பதற்குள் எங்கள் ஸ்டாப் வந்துவிட, பைகளோடு படிக்கட்டில் நின்ற என் வீட்டுக்காரி கூப்பிட்டாள்: "அங்கன என்ன வாயப் பாக்குறீக? கூடையையும் நானேதான் இறக்கணுமா?"