கடைசி விசிலுக்கு முன்

பந்தாட்டம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உட்காரத் தெரியாது, சார். துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள், நடுவரைத் திட்டுவார்கள், எல்லாம் செய்வார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எழுந்து படியில் வந்து நிற்பார்கள். போகவும் மாட்டார்கள். பஸ்ஸும் வேண்டும், கோலும் வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிடைப்பது அவர்கள் முதுகு.

நான் இப்ராஹிம். கூத்தாநல்லூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பந்தாட்டப் போட்டி நடத்துகிற கமிட்டியில் பல வருஷமாக இருக்கிறேன். போன வாரம் எங்கள் கேலரியில் துரைராசு நெஞ்சுவலி வந்து இறந்தது உங்களுக்குத் தெரியும். படிக்கதவின் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டதால் அவரை உடனே வெளியே கொண்டுவர முடியவில்லை என்று கமிட்டி சொல்லியிருக்கிறது. செயலாளர் ஃபாஜில் நல்ல பையன். "நீங்க ஒண்ணும் பேசாதீங்க மாமா, நாங்க பாத்துக்கிறோம்" என்றான். அவர்கள் சொன்னது உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் கடையை அடைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வேன்.

துரைராசு எனக்கு எதிரி இல்லை. நீடாமங்கலம் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் பார்த்தவர். மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கு வாஷர் வாங்க வந்து, பந்தாட்டப் பேச்சில் பழக்கமானவர். குறுவைக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால், வயலில் வேலை இல்லாத நாட்களில்தான் எங்கள் போட்டி நடக்கும். ஓர் ஆட்டத்தையும் விடமாட்டார். எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்.

போன வருஷம் இறுதி ஆட்டத்தில் என் மகன் ஃபஹத் ஆடினான். அவனுக்கு விசா வந்துவிட்டது, மறுவாரம் ஷார்ஜா போகிறான். ஊரில் அதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் என்று இழுத்துக்கொண்டிருந்தது. படி நிறைந்துவிட்டது. துரைராசும் பஸ் போய்விடும் என்று எழுந்துபோய், எனக்கு நேர் முன்னால் நின்றார்.

"உட்காருங்க துரைராசு, மறைக்குது."

"இந்தா பாய், ரெண்டே நிமிஷம்."

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் ஃபஹத் கோல் அடித்தான். ஊரே கத்தியது. நான் பார்த்தது வியர்வையில் ஒட்டிக்கிடந்த ஒரு வெள்ளைச் சட்டையை.

வீட்டுக்கு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "பாத்தீங்களா அத்தா?" என்பதுதான். பார்த்தேன் என்றேன். எந்தக் காலால் அடித்தான் என்பதுகூட எனக்குத் தெரியாது. மறுநாள் துரைராசு கடைக்கு வந்து, ஆணிப் பொட்டலத்தைப் பந்தாக வைத்து அந்தக் கோலை நடித்துக் காட்டினார். "இடது கால் பாய். கீப்பர் அசையவே இல்ல. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகு கடைக்கு வரும்போதெல்லாம் சொல்வார். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதைத்தான் ஃபஹத் போன் பண்ணும்போது, நானே பார்த்ததுபோலச் சொல்லிவந்தேன்.

இந்த வருஷம் கமிட்டியில் ஒரு யோசனை சொன்னேன். கேலரி சவுக்குக் கட்டையில் கட்டுவது, இறங்க நடுவில் ஒரே படிவழிதான். அதன் அடியில் ஒரு கம்பிக்கதவு போட்டு, கடைசி நேரத்தில் சாத்திவைத்தால் எழுந்திருக்க மாட்டார்கள் என்றேன். எல்லோருக்கும் சரி என்று பட்டது. வேறு வழியில் யாரும் இறங்காதபடி இரண்டு பக்கமும் தகரம் அடைத்தார்கள். தாழ்ப்பாள் என் கடைச் சரக்கு. வெளிப்பக்கமாக மாட்டி எண்ணெய் விட்டதும் நான்தான். அது சிக்கவே சிக்காது. அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். பலன் இருந்தது சார். ஜனங்கள் கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தார்கள். நாலு பேர் என் கையைப் பிடித்து நல்ல காரியம் செய்தீர்கள் என்றார்கள்.

அன்றைய ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டும் வெளியூர் அணி. யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் துரைராசு படியில் இறங்கி வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், கதவத் தெறங்க. நெஞ்ச என்னமோ பண்ணுது."

போட்டிக்காக நிறுத்திவைத்த ஆம்புலன்ஸ் எனக்குப் பின்னால்தான் நின்றது. கூப்பிட்டால் டிரைவருக்குக் கேட்கும்.

"ரெண்டே நிமிஷம் துரைராசு. உட்காருங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சொன்னபடியே படியில் உட்கார்ந்தார். நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டார். மேலேயிருந்து இரண்டு மூன்று பேர் இறங்கி வந்து, கதவைத் திறங்க, கதவைத் திறங்க என்று சத்தம் போட்டார்கள். நான் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டினேன், வராததுபோல. பிறகு விசில் ஊதினார்கள். திறந்தேன். அவரைத் தோளில் தாங்கி ஆம்புலன்ஸில் ஏற்றியதும் நான்தான். திருவாரூர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

பால் தெளித்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சாவித்திரி வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "நீங்கதான் தூக்கிட்டு ஓடுனீங்களாம். கடைசியா தெரிஞ்ச முகத்தப் பாத்துக்கிட்டே போயிருக்காரு, அது போதும்ண்ணே" என்றது. நான் தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூங்கினாலும் களைப்புப் போகவில்லை.

ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். போன வருஷத்தை மனசில் வைத்துக்கொண்டு நான் இதைச் செய்யவில்லை. விதி என்று போட்டால் பழகினவர், பழகாதவர் என்று பார்க்க முடியாது. அந்த இடத்தில் யார் வந்து நின்றிருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். என் மகனே வந்து நின்றிருந்தாலும் இதுதான்.

அன்றைக்குக் கதவைச் சாத்திய பிறகு யாருக்குமே திறக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். திறந்தேன் சார். மஃரிபு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய வேண்டும் என்று ஒருவர் வந்தார், அவருக்குத் திறந்தேன். பைக் சாவி பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிட்டது என்று இன்னொருவர் வந்தார், அவருக்கும் திறந்தேன். அவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டார்கள், திறந்துவிட்டேன். துரைராசு ஒருத்தருக்குத்தான் திறக்கவில்லை.