துபாய் என்றுதான் சொன்னேன்

எங்கள் பேட்டைப் பக்கம் வெளிநாடு என்றாலே துபாய்தான், ஐயா. மலேசியா போனவனையும் துபாய்க்காரன் என்றுதான் சொல்வோம். டாக்டரிடம் நானும் அப்படித்தான் சொன்னேன். அதில் என்ன குற்றம்?

அலி அஸ்கர் என் தங்கை தஸ்லிமாவின் மாப்பிள்ளை. காங்கோவில் மரம் அறுக்கும் கம்பெனியில் நானும் அவனும் ஒன்றாக வேலை பார்த்தோம். அங்கே எனக்கு மலேரியா கண்டபோது தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். நல்லவன். இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் ஊரோடு வந்துவிட்டேன்.

இந்தத் தடவை லீவில் வந்தவன், தஸ்லிமாவையும் கூட்டிப் போகிறேன் என்றான். அவளும் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

"கொசுக்காட்டுக்கா போற?" என்றேன்.

"அவுக இருக்காகல்லா அண்ணே, நான் பாத்துக்கிடுதேன்" என்று சிரித்தாள்.

உம்மாவும் வாப்பாவும் போனபின் நான் வளர்த்த பிள்ளை. சிரிக்கிறாள்.

அந்த வாரமே அவனுக்குக் குளிர்காய்ச்சல். நான்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எந்த நாட்டிலிருந்து வந்தார் என்று டாக்டர் கேட்டார். துபாய் என்றேன். விமானம் அங்கே மாறித்தானே வந்தான். ஊரெல்லாம் டெங்கு. அவர் அதற்கே வைத்தியம் பார்த்தார்.

ஆண்கள் வார்டு, தஸ்லிமாவை உள்ளே விடவில்லை. பல் கிடுகிடுக்க அவன் என் கையைப் பிடித்தான்.

"மச்சான், காங்கோன்னு சொல்லிட்டியளா?"

"சொல்லிட்டேம்லே. பைய படு."

"அப்போ ஏன் மாத்திர தரல?"

"தருவாக."

என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டான். ரத்தத்தில் மலேரியா என்று அவர்கள் கண்டுபிடித்தபோது நினைவு தப்பியிருந்தது. பிறகு திரும்பவில்லை.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அந்த மாத்திரை தின்று பிழைத்தவனுக்குத் தெரியாதா? மறுபடி கேட்டாலும் துபாய் என்றுதான் சொல்வேன்.

தஸ்லிமா இத்தா இருந்தாள். புருஷன் இறந்தால் எங்கள் பெண்கள் வெளியே போகாமல் இருக்கும் காலம் அது. அது முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். கதவைத் தட்டுவதைக்கூட இப்போது நிறுத்திவிட்டாள். சாவி என் மடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இன்றுவரை அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்ததில்லை.