மாணிக்கவேல் வீட்டு வெந்நீர்த் தொட்டி

வெந்நீர்த் தொட்டி வாங்குகிறவர்கள் அதன் நிறத்தைத்தான் பார்ப்பார்கள், ஐயா. அது உட்காரப்போகும் தரையை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீரும் ஆளும் சேர்ந்தால் இரண்டு டன்னுக்குக் குறையாது. மாணிக்கவேல் அதை மொட்டை மாடியில் வைக்கத்தான் ஆசைப்பட்டார். கூரை தாங்காது என்று மறித்துப் பின்பக்கத்துக்கு மாற்றியது நான். அந்தக் குடும்பத்துக்கு நல்லதையே நினைத்தவன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவருடைய பட்டுத்தறிக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் பதினோரு வருடமாக நான்தான் எலக்ட்ரீஷியன். தென்னரசு போட்ட லைனில் தகராறே வராது என்று ஆரணியில் நாலு பேர் சொல்வார்கள். மாணிக்கவேலை இடுப்பு வலிக்கு வெந்நீரில் உட்காரச் சொன்னாராம் டாக்டர். தொட்டிக்கென்று மெயினிலிருந்து தனிக் கேபிள் இழுத்தேன். கொத்தனாரை வைத்துக் கான்கிரீட் மேடை போட்டு, ரசமட்டம் வைத்து நானே சரிபார்த்தேன். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக்குக் குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்டினேன். கம்பி இறக்குவது மட்டும் பாக்கி.

வேலை நடந்த நாளெல்லாம் அவர் மனைவி அபிதகுசாம்பாள் எனக்கு டீ கொடுத்தார். பேப்பர் கப்பில்தான். ஆனாலும் கீழே வைக்காமல் கையில் கொடுப்பார். "சூடா இருக்குது, பாத்துக் குடிப்பா" என்பார். அந்த வீட்டில் என்னை மனிதனாக மதித்த ஒரே ஆள் அவர் என்று நம்பியிருந்தேன்.

மேடை காய்ந்த அன்று டெஸ்டரை மறந்துவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பினேன். பின்கதவு திறந்திருந்தது.

"அவன் நின்ன எடம் பூரா தெளிச்சியா?" என்றார் மாணிக்கவேல்.

"தெளிச்சிகினுதானே இருக்கேன். எப்பவும் செய்யிறதுதானே" என்றார் அந்தம்மா. கையில் கோமியச் சொம்பு. கொத்தனார் நின்ற பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. என் பக்கம் மட்டும் ஈரம்.

டெஸ்டரை எடுக்காமலே போய்விட்டேன். பதினோரு வருடமும் நான் தெரு திரும்பியதும் அந்தச் சொம்பு வெளியே வந்திருக்கிறது. கோபமெல்லாம் மாணிக்கவேல் மேல்தான். அவர்தானே சொன்னார்? அந்தம்மா பாவம், புருஷன் பேச்சைத் தட்டாதவர்.

மறுநாள் போய், கம்பியை இறக்காமலே குழியை மூடினேன். தண்ணீரில் கரண்ட் இறங்கும்படி சுவிட்ச் பெட்டிக்குள் செய்த மற்றதை, உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்த ஆள் பார்த்து எழுதிவிட்டார். நான் மறுக்கவில்லை. இடுப்பு வலி மாணிக்கவேலுக்கு, தொட்டியில் இறங்கப் போவதும் அவர். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பூசை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தறி வந்தாலும் மோட்டார் வந்தாலும், அந்தம்மா மஞ்சள் பூசிய கையை அதன்மேல் வைப்பார். வைத்த பிறகுதான் நான் சுவிட்ச் போடுவேன். எத்தனையோ தறிக்கு அப்படிப் போட்டிருக்கிறேன்.

மேடைமேல் என்னை ஏறவிடவில்லை. சுவரோரம் சுவிட்ச் பெட்டியருகே நின்றேன். மாணிக்கவேல் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். அந்தம்மா குனிந்து வலது கையைத் தண்ணீருக்குள் வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? ஜல்தியா போடு" என்றார் மாணிக்கவேல்.

போட்டேன். அந்தம்மாவுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

அவர் கையை எடுக்கும்வரை பொறுத்திருக்கலாமே என்கிறீர்கள். மாணிக்கவேல் போடச் சொன்னார். அவர் சொன்னதைத்தானே பதினோரு வருடமாகச் செய்துவருகிறேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்தம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கோமியம் தெளித்ததும் அந்த வலது கைதான் என்பதுகூட அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.